மேஸ்திரி போதும் என்கிறவருக்கு

சென்ற இதழில் ஒரு தயாரிப்பு நிர்வாகி எழுதிய அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, கிண்டலுக்கு எழுதியிருக்கிறாரோ என்ற சந்தேகத்தோடு. இரண்டாவது முறை, கிண்டல் இல்லை என்று தெரிந்துகொண்டு. மிக்ஸிங் தியேட்டர், படத்தின் நிறத்தைச் சீர்செய்கிற டிஐ அறை, டப்பிங், ஃபோலி எல்லாம் அடங்கிய ஒரு போஸ்ட் புரொடக்‌ஷன் ஸ்டுடியோவைக் கட்ட நல்ல ஆர்க்கிடெக்ட் ஒருவரும் அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவரும் போதுமாம். இந்த வேலைக்கென்றே பழகிய ப்ராஜெக்ட் மேனேஜர் ஒருவரைத் தனியாக வைப்பது, கல்யாண வீட்டில் சமையல்காரருக்கு மேல் இன்னொரு சமையல்காரரை வைப்பது மாதிரியாம். நாலு கோடி ரூபாய் வேலையில் அவருக்கு இருபது லட்சம் அழுவதற்குப் பதில் அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்கி மாட்டலாமாம்.

உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுரையாளர் பெரிய கல்யாணம் எதையும் கிட்டே நின்று நடத்தியதில்லை போலிருக்கிறது. ஐநூறு இலை விழும் வீட்டில் சமையல்காரர் அடுப்பைப் பார்ப்பார். முதல் பந்தி எழுந்து, இலை எடுத்து, மேஜை துடைத்து, அடுத்த பந்திக்குச் சோறு சூடாக வந்து சேர்வதை யார் பார்ப்பது? அதற்கென்று ஒரு பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நிற்பார். அவர் கரண்டியைத் தொடுவதே இல்லை. அவர் இல்லாத கல்யாணத்தில் சாம்பார் எவ்வளவு ருசியாக இருந்தாலும் சம்பந்தி வீட்டார் பசியோடு பஸ் ஏறுவார்கள்.

நான் ஸ்டுடியோ கட்டுகிறவன் இல்லை. கட்டிவைத்ததில் உட்கார்ந்து அனுபவிக்கிறவன். இருபது வருஷத்துக்கு மேலாக வடபழனி, சாலிகிராமம் பக்கத்துத் தியேட்டர்களில் கன்சோல் முன்னால் என் ஆயுசு போய்க்கொண்டிருக்கிறது. ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஆதாயம் ஒன்றும் கிடையாது. அவர்கள் இல்லாமல் கட்டின இடங்களில் உட்கார்ந்த அனுபவம் உண்டு. அதில் ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு மிக்ஸிங் தியேட்டர். பெயர் வேண்டாம், முதலாளி நல்ல மனிதர், இன்றைக்கும் எனக்கு வேலை தருகிறார். வணிகக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. அகவுஸ்டிக் கன்சல்டன்ட் கொடுத்த டிராயிங் குறை சொல்ல முடியாதது. இப்படிப்பட்ட அறையைக் கட்டடத்தின் தளத்தில் நேராக எழுப்ப மாட்டார்கள். தளத்தின் மேல் ரப்பர் கட்டைகளை வரிசையாக வைத்து, பலகை பரப்பி, பாலிதீன் ஷீட் விரித்து, அதற்கு மேல் நாலு அங்குலம் கான்கிரீட் போடுவார்கள். இந்தப் புதுத்தளம் ரப்பர் மேல் மிதக்கும். உள்சுவர்கள் அதன்மேல்தான் எழும்பும். அறைக்குள் அறை. கட்டடம் அதிர்ந்தால் அதிர்வு ரப்பரோடு நின்றுவிடும். ஒரே ஒரு நிபந்தனை: மிதக்கிற தளமும் கட்டடமும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஆணியளவுகூட.

கான்கிரீட் போட்ட அன்று கன்சல்டன்ட் வெளியூரில். ஆர்க்கிடெக்ட் போனில். மேஸ்திரி முப்பது வருஷ அனுபவக்காரர், நல்ல வேலைக்காரர். முந்தின நாள் எலக்ட்ரீஷியன் பைப் இழுக்கும்போது ஓரத்தில் ஷீட் ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. எலக்ட்ரீஷியனுக்கு அது வெறும் பாலிதீன். மேஸ்திரிக்கோ அது தண்ணீர் கீழே ஒழுகாமலிருக்க விரித்தது. கொஞ்சம் கிழிந்தால் என்ன, கான்கிரீட் தானே அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டது. சிமெண்ட் பால் கிழிசல் வழியே இறங்கி, பலகை இடுக்கில் புகுந்து, கட்டடத் தளத்தைத் தொட்டுக் கல்லாகிவிட்டது. மேலே பார்த்தால் தளம் கண்ணாடி மாதிரி இருந்தது. மேஸ்திரிக்கு முதலாளி வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார்.

தியேட்டர் திறந்து ஒரு படத்தின் மிக்ஸிங்குக்கு நான் போனேன். ஆஸ்பத்திரி சீன். அம்மா படுத்திருக்கிறாள். அவளுடைய மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது, இசைகூட இல்லை. அந்த இடத்தில் ஒரு ‘தும்’. நான் ட்ராக்குகளில் தேடினேன். அசிஸ்டன்ட் சப்-ஊஃபர் பக்கம் போய்த் தேடினான். ஒயரிங்கைச் சந்தேகப்பட்டோம். டைரக்டர் எங்களைச் சந்தேகப்பட்டார். அரை நாள் போயிற்று. கடைசியில் டீ கொண்டுவந்த பையன்தான் சொன்னான்: “சார், அது லிஃப்ட் நிக்கிற சத்தம் சார்.”

சரிசெய்ய வேண்டுமானால் தளத்தை உடைக்க வேண்டும். உடைத்தால் அதன்மேல் நிற்கிற சுவர், சீலிங், துணி, ஸ்கிரீன் எல்லாம் கூடவே வந்துவிடும். முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஓர் அட்டை கொடுத்தார்: ‘மிக்ஸிங் நடக்கிறது. லிஃப்ட் ஓடாது. படியில் போகவும்.’

இதில் யார்மேல் தப்பு சொல்வீர்கள், கட்டுரையாளரே? கன்சல்டன்ட் டிராயிங்கைச் சரியாகக் கொடுத்தார். எலக்ட்ரீஷியன் பைப்பைச் சரியாக இழுத்தார். மேஸ்திரி மட்டம் பார்த்துக் கான்கிரீட் போட்டார். அவரவர் வேலையில் குறையில்லை. ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்குகிற சந்தில்தான் விபத்து நடந்தது. அந்தச் சந்துக்கு ஆள் இல்லை. இந்தத் தொழில் தெரிந்த மேனேஜர் நிற்கிற இடம் அதுதான். கான்கிரீட் வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் ‘ஷீட்டை ஒட்டுகிறவரைக்கும் ஊற்றாதே’ என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்கும். ஏன் ஊற்றக் கூடாது என்பதும் தெரிந்திருக்கும். கன்சல்டன்டுக்குக் காரணம் தெரியும், அவர் சைட்டில் இல்லை. மேஸ்திரி சைட்டில் இருந்தார், அவருக்குக் காரணம் தெரியாது. உங்கள் மொத்தத் திட்டமும் போனில் இருக்கிற ஆர்க்கிடெக்டையும் இந்த மேஸ்திரியையும் நம்பித்தான் நிற்கிறது.

அடுத்து கட்டுரையாளர் வரலாற்றைக் கூப்பிடுகிறார். அந்தக் காலத்து ஸ்டுடியோ அதிபர்கள் எந்த ப்ராஜெக்ட் மேனேஜரை வைத்துக் கட்டினார்கள் என்று கேட்கிறார். கேள்வி கம்பீரமாகத்தான் இருக்கிறது. சேலத்தில் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்து போய் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். ஸ்டுடியோவின் ஒவ்வொரு மூலையும் அவர் பார்வையில் இருந்தது. ஏவி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு, அங்கே ‘நாம் இருவர்’ எடுத்து 1947இல் வெளியிட்டார். இவர்களிடம் மேனேஜர் இல்லை என்பது பொய். முதலாளியே மேனேஜர். சந்தில் அவர்களே நின்றார்கள். இன்றைய முதலாளி பூமி பூஜைக்கு ஒரு நாள் வருவார், திறப்பு விழாவுக்கு ஒரு நாள் வருவார். நடுவில் வாட்ஸப்பில் போட்டோ பார்த்துக் கட்டைவிரல் போடுவார். செட்டியாரை உதாரணம் காட்டுகிறவர் முதலில் செட்டியார் மாதிரி சைட்டில் கிடக்கட்டும். அப்புறம் மேனேஜர் வேண்டாம்.

அதோடு, அந்தக் கால அறையிடம் கேட்டது வேறு, இன்றைய அறையிடம் கேட்பது வேறு. அன்று படத்துக்கு ஒற்றைத் தடம், மோனோ. பிலிமில் பதிந்த ஒலித்தடத்தின் இரைச்சலே அறையின் சின்னச் சின்ன சத்தங்களை மூடிவிடும். 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவில் வந்தது. இன்றைக்குத் தியேட்டருக்கான டால்பி அட்மாஸில் 128 ட்ராக் வரை, 64 ஸ்பீக்கர் வழி வரை போய்விட்டோம். ஸ்கிரீனுக்குப் பின்னாலிருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் மிக்ஸர் உட்காருகிற இடத்தில் 85 டெசிபலுக்கு அளந்து நிறுத்துகிறோம். அறையின் சொந்த இரைச்சல், அதை அளக்கிற என்சி கணக்கில், 25 என்ற கோட்டைத் தாண்டக் கூடாது. சாதாரண ஆபீஸ் என்சி 40 பக்கம் இருக்கும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இந்த வித்தியாசத்தைச் செங்கல்லாலும் ஜிப்சம் போர்டாலும் கட்டிக் கொடுக்க வேண்டிய மனிதரிடம் நீங்கள் கொட்டகைக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

கட்டுரையின் பின்பாதியில் ஒரு வேடிக்கை நடக்கிறது. மேனேஜரே வேண்டாம் என்று ஆரம்பித்தவர், அப்படித் தேவைப்பட்டால் அடுக்குமாடி வீடோ ஐடி ஆபீஸோ கட்டிய யாரையாவது வைத்துக்கொள்ளலாம், கட்டடம் கட்டடம்தானே என்று இறங்கிவருகிறார். ஆக, மேனேஜர் தேவை என்று ஒப்புக்கொண்டாயிற்று. அதற்கு முன்னால் எழுதிய ஒன்றரைப் பக்கத்தை அச்சகத்திலேயே விட்டிருக்கலாம். இனி எந்த மேனேஜர் என்பதுதான் பேச்சு.

ஐடி ஆபீஸ் கட்டியவரின் கெட்டிக்காரத்தனமே இங்கே வினையாகும். அவருக்கு ஏசி என்றால் சீக்கிரம் குளிர வேண்டும், இடம் அடைக்கக் கூடாது. ஆகவே சின்ன டக்ட், வேகமான காற்று. மிக்ஸிங் அறையில் காற்று வேகமாக வந்தால் அது ஒரு குரல். ‘உஸ்’ என்று படம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும். இங்கே டக்ட் பெரிதாக இருக்க வேண்டும், உள்ளே பஞ்சு ஒட்டியிருக்க வேண்டும், வளைந்து வளைந்து வர வேண்டும், காற்று நடந்து வர வேண்டும். இரண்டடி டக்ட் சீலிங்குக்கு மேல் போக வேண்டும் என்றால் சீலிங் உயரம் குறையும். சீலிங் குறைந்தால் மேல் ஸ்பீக்கரின் கோணம் மாறும். கோணம் மாறினால் கன்சல்டன்ட் டிராயிங் மாறும். இதெல்லாம் இடத்தை வாடகைக்கு எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய கணக்கு. ஏசிக்காரர் ஏழாவது மாசம் வந்து, “சார், இவ்வளவு பெரிய டக்ட் இங்க போகாது” என்று தலையைச் சொறிகிறபோது பார்க்கிற கணக்கு இல்லை.

சுவரில் ஓட்டையும் அப்படித்தான். ஆபீஸில் ஒயர் போக ஓட்டை போட்டுவிட்டு மேலே ஒரு தகடு வைத்து மூடுவார்கள். 60 டெசிபல் சத்தத்தைத் தடுக்கக் கட்டிய சுவரில் நூற்றில் ஒரு பங்கு பரப்பு திறந்திருந்தால் போதும், அந்தச் சுவர் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. லட்சக்கணக்கில் செலவழித்த சுவரும் சாதாரண மரக்கதவும் அன்றிலிருந்து ஒன்றுதான்.

டிஐ அறையில் நான் பார்த்தது இன்னும் அழகு. கலரிஸ்ட் உட்காரும் அறையின் சுவர் நிறமில்லாத சாம்பலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரின் நிறம் அவர் கண்ணைக் கெடுக்கும். தியேட்டர் ஸ்கிரீனின் வெளிச்சம் 48 நிட்ஸ்தான். அந்த மங்கலில் ஒரு சின்ன விளக்கும் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். இன்டீரியர்காரருக்கு இதை யாரும் சொல்லவில்லை. சுவருக்குச் சந்தன நிறம் அடித்து, சீலிங் ஓரமெல்லாம் ஊதா எல்இடி பட்டை ஒட்டிவைத்திருந்தார். பப்புக்குப் போனது மாதிரி இருந்தது. முதல் படத்தில் கதாநாயகியின் முகம் தியேட்டரில் ஏன் அப்படி வெளிறிப்போனது என்று அவர்கள் ரொம்ப நாள் லேபைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

நெட்வொர்க் விஷயத்தில் கட்டுரையாளர் ‘நல்ல ஐடி ஆள்’ ஒருவரைச் சிபாரிசு செய்கிறார். 4கே படத்தின் ஒரு ஃபிரேம், பத்து பிட் டிபிஎக்ஸ் ஃபைலாக, ஏறக்குறைய 35 மெகாபைட். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 850 மெகாபைட். இரண்டரை மணி நேரப் படம் ஏழரை டெராபைட்டைத் தாண்டும். பத்து ஜிகாபிட் லைன் ஒன்றில் இப்படி ஒரு படத்தைத்தான் தடங்கலில்லாமல் ஓட்ட முடியும், இரண்டாவது கலரிஸ்ட் ப்ளே பட்டனை அழுத்தினால் இரண்டு பேரும் திணறுவார்கள். ஆபீஸுக்கு ஈமெயிலும் எக்செல்லும் ஓட்டிய அனுபவம் இங்கே எந்த மூலைக்கு? சர்வர் அறையில் பத்து கிலோவாட் ஓடினால் அந்தச் சூட்டை மட்டும் எடுக்கவே கிட்டத்தட்ட மூன்று டன் ஏசி இரவும் பகலும் ஓட வேண்டும், அது பழுதானால் இன்னொன்று தயாராக நிற்க வேண்டும். எர்த்திங், ஹம், யூபிஎஸ் பற்றி எழுத ஆரம்பித்தால் ஆசிரியர் பக்கம் தர மாட்டார்.

ஸ்கிரீனுக்குப் பின்னால் நிற்கிற பெரிய ஸ்பீக்கர் பெட்டி மூன்றடிக் கதவில் நுழையாது என்பதை, கதவு மாட்டி பாலிஷ் போட்ட பிறகு கண்டுபிடித்த இடமும் எனக்குத் தெரியும். சுவரை இடித்து உள்ளே கொண்டுபோனார்கள். பூசணிக்காய் உடைத்துவிட்டுத்தான் இடித்தார்கள், அதில் குறை வைக்கவில்லை.

இடம் பார்ப்பதைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அவர் ஆபீஸும் ஆற்காடு சாலைப் பக்கம்தான் இருக்கிறது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நாலாவது தடம், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போவது, கோடம்பாக்கத்தைத் தாண்டியதும் மேலே ஏறி அதே சாலையில் வடபழனி, சாலிகிராமம் வழியாகத் தூண்களின் மேல் போகிறது. நம் தொழிலின் பாதி வீடுகள் அந்தத் தூண்களின் நிழலில் இருக்கின்றன. ரயிலின் அதிர்வு தூணில் இறங்கி, மண்ணில் பரவி, பக்கத்துக் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் ஏறும். காதுக்குக் கேட்பதற்கு முன்னால் மைக்குக்குக் கேட்கும். இடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அங்கே ஒரு நாள் முழுக்கக் கருவி வைத்து அதிர்வை அளக்க வேண்டும் என்பது இந்த வேலை தெரிந்த மேனேஜர் சொல்கிற முதல் வாக்கியம். மேஸ்திரி சொல்கிற முதல் வாக்கியம் வாஸ்துவைப் பற்றியதாக இருக்கும்.

இனி அந்த இருபது லட்சம். அதே நாலு கோடி வேலையையே எடுத்துக்கொள்வோம். மூன்று கோடி வங்கிக் கடன், வருஷத்துக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாசம் மூன்று லட்சம். இடத்து வாடகை இரண்டு லட்சம். முன்னாலேயே எடுத்துவைத்த ஆட்களின் சம்பளம் மூன்று லட்சம். திறப்பு மூன்று மாசம் தள்ளிப்போனால் 24 லட்சம் காற்றில் போகும். போட்ட மிதவைத்தளம் காய வேண்டிய நாளைக் கணக்கில் சேர்க்காமல் தச்சரை வரச்சொன்னதாலும், அட்மாஸ் அறையை ட்யூன் செய்து ஒப்புதல் தர வருகிற இன்ஜினியருக்கு முன்கூட்டித் தேதி வாங்காததாலும் மட்டுமே மூன்று மாசம் தள்ளிப்போன ஸ்டுடியோக்கள் உண்டு. இந்த 24 லட்சத்தில் உடைத்துக் கட்டுகிற செலவு சேரவில்லை. கைவிட்டுப் போன படங்கள் சேரவில்லை. ஆனை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை. அந்தப் பணத்துக்கு வாங்கிய நல்ல ஸ்பீக்கர் என்ன செய்யும் தெரியுமா? லிஃப்ட் சத்தம் எங்கே வருகிறது என்று இன்னும் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும்.

கட்டுரையில் ஒரே ஒரு பத்தி நியாயமானது. மேனேஜர்கள் சப்ளையர்களிடம் கமிஷன் அடிப்பார்கள், செலவில் சதவீதம் சம்பளம் என்றால் செலவைக் குறைக்க அவர்களுக்கு மனம் வராது என்கிறார். உண்மை. பிளைவுட்காரரிடமும் ஏசிக்காரரிடமும் கை நீட்டியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து மேனேஜரை விலக்குவதா? சதவீதம் பேசாமல் முழுத்தொகையாகப் பேசுங்கள். சப்ளையர் பணத்தை முதலாளியே நேராகக் கொடுக்கட்டும். சம்பளத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, அறையில் இரைச்சலை அளந்து என்சி 25-க்குள் வந்த பிறகு கொடுங்கள். கமிஷன் அடிக்கிறவரை அந்த ஒரு நிபந்தனையே ஓட்டிவிடும். சினிமாவில் கமிஷன் வாங்காத துறை எது, அதையெல்லாம் மூடிவிட்டோமா என்று ஒரு தயாரிப்பு நிர்வாகியைப் பார்த்துக் கேட்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆகவே கேட்கவில்லை.

ஒரு பெட்ரூமில் எடிட் சூட் போடுகிறவர், ஹெட்போனில் டப்பிங் எடுக்கிறவர், இவர்களுக்கு மேனேஜர் வேண்டாம். அதைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டியதில்லை. கோடி ரூபாய் கடன் வாங்கி, ரப்பர் கட்டைமேல் அறையை மிதக்கவிடப் போகிறவர்களிடம் போய் மேஸ்திரி போதும் என்று நீங்கள் சொன்னதுதான் குற்றம். உங்கள் பெயருக்கு இந்தத் தொழிலில் மரியாதை இருக்கிறது. யாராவது ஓர் இளைஞர் அதை நம்பி, வீட்டை அடகு வைத்துக் கட்ட ஆரம்பித்திருப்பார்.

ஒரு வேலை செய்யுங்கள். நான் சொன்ன அந்தத் தியேட்டருக்கு ஒரு நாள் காலை பத்து மணிக்கு மேல், கட்டடத்தில் ஆள் நடமாட்டம் இருக்கிற நேரமாக வாருங்கள். முதலாளியிடம் நான் சொல்லிவைக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சத்தமும் ஓட்டாமல், கன்சோல் முன்னால் கால் மணி நேரம் உட்காருங்கள். வரும்போது லிஃப்டிலேயே வரலாம். மிக்ஸிங் இல்லாத நாளில் அட்டையைத் திருப்பிப் போட்டிருப்பார்கள்.